கல் சொல்லும் கதையும் சொல்லாத கதையும்

நகரத்தின் நாற்சந்தியில் நிற்கும் சிலை அங்கே தானாக வந்து நின்றதன்று. அதை நிறுத்தத் தீர்மானித்தவர் உளர். பணம் கொடுத்தவர் உளர். திரைநீக்கம் செய்து மாலை சூடிக்கொண்டவர் உளர். அதன் பீடத்தைச் சுமந்து வந்து வைத்தவர் பெயர் மட்டும் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. ஆதலின் ஒரு நாட்டின் நினைவுச் சின்னங்களைப் பார்த்துவிட்டு அந்நாட்டின் சரித்திரத்தை அறிந்துவிட்டதாக எண்ணுதல் தவறாகும். அந்நாட்டில் எவர் கை எக்காலத்தில் ஓங்கியிருந்தது என்பதையே அவற்றிலிருந்து நாம் அறிய முடியும். சரித்திரத்தை அறிய வேண்டுமாயின் சின்னம் வைக்கப்படாத இடங்களையும் தேடிச் செல்ல வேண்டும்.

இதனை விளங்கிக்கொள்ள நமக்கு நல்ல துணையாக அமைவது அயர்லாந்தின் சரித்திரம். அயர்லாந்தும் தீவு, பெரியதொரு நாட்டின் அருகே கிடப்பது, அந்நியர் ஆட்சியையும், மதப்பூசலையும், பஞ்சத்தையும், புலம்பெயர்வையும், சகோதர யுத்தத்தையும் கண்டது. தமிழர்க்கு அந்த நாடு முற்றிலும் அந்நியமானதுமன்று. பாரதி தமது குருவாக வரித்துக்கொண்ட நிவேதிதா தேவி அயர்லாந்தில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தார் தலைமுறை தலைமுறையாகச் 'சம்பத்திரிசியார் கல்லூரி' என்று வழங்கும் வித்தியாசாலை, அயர்லாந்தின் பாதுகாவலராகிய புனித பத்திரிசியாரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆயினும் இரு நாடுகளும் ஒன்றென்று சொல்வதற்கில்லை. ஒன்றன் அனுபவத்தை மற்றொன்றன் முன் கண்ணாடியாகப் பிடித்துப் பார்ப்பதே நமது நோக்கம்.

தூண் விழுந்த தெரு

டப்ளின் நகரின் பிரதான வீதியில் 1809ஆம் ஆண்டிலிருந்து ஒரு நெடுந்தூண் நின்றது. அதன் உச்சியில் நின்றவன் ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சன். ஐரிஷ் மக்களின் தலைநகரில், அவர்களை ஆண்டவரின் வீரன் ஆகாயத்தை அளாவி நின்றான். 1922இல் சுதந்திர ஐரிஷ் அரசு அமைந்த பின்னரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவன் இறங்கவில்லை. 1966 மார்ச் 8ஆம் நாள் பின்னிரவில் வெடிவைத்து அத்தூணைத் தகர்த்தனர். அவ்விடத்தில் 2003இல் ஏறக்குறைய 120 மீற்றர் உயரமான உருக்கு ஊசியொன்று எழுப்பப்பட்டது. அதன் உச்சியில் எவரும் இல்லை.

அதே வீதியில் இருக்கிறது பொதுத் தபாற் கந்தோர். 1916 ஏப்ரல் 24ஆம் நாள், உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள், கிளர்ச்சிக்காரர் அதனைக் கைப்பற்றினர். அதன் வாயிலில் நின்று குடியரசுப் பிரகடனத்தை வாசித்தவர் பற்றிக் பியர்ஸ். அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் என்பதை நம் ஆசிரிய நண்பர்கள் மனங்கொள்ள வேண்டும். 1908இல் தாய்மொழிவழிக் கல்விக்காகத் தாமே ஒரு பள்ளியை நிறுவியவர். மாணவரைச் சக்கையாகப் பிழியும் ஆங்கிலக் கல்விமுறையைக் கொலை இயந்திரம் என்று சாடியவர். கிளர்ச்சி ஒரே வாரத்தில் பீரங்கிகளால் அடக்கப்பட்டது. தலைவர்கள் கில்மெய்னம் சிறைமுற்றத்தில் ஒருவர் பின் ஒருவராகச் சுடப்பட்டனர். தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கொனொலி காயத்தால் நிற்கவும் மாட்டாதிருந்தமையால் மே 12ஆம் நாள் நாற்காலியில் இருத்திச் சுடப்பட்டார்.

தபாற் கந்தோர் 1929இல் திருத்தி மீண்டும் திறக்கப்பட்டது. அதனை வெறுங் காட்சிக்கூடமாக்காது தபாற் கந்தோராகவே நடத்தினர். கடிதம் போட வந்தவனும் ஓய்வூதியம் வாங்க வந்த கிழவியும் நடந்த தளத்திலேயே அந்த நினைவு வாழ்ந்தது. தியாகத்தைப் பூட்டி வைத்து ஆண்டுக்கொரு முறை திறந்து பார்ப்பதிலும் இது மேலான வழி என்றே நமக்குத் தோன்றுகின்றது.

பின்னர்த் தொழிலாளி வர்க்கமும் அவ்வீதியில் தனக்குரிய இடத்தைப் பெற்றது. 1913ஆம் ஆண்டின் கதவடைப்பின்போது டப்ளின் தொழிலாளரைத் திரட்டிய ஜேம்ஸ் லார்க்கின், இரு கைகளையும் வானோக்கி உயர்த்திப் பேசும் கோலத்தில் அங்கே சிலையாக நிற்கிறார். கொனொலிக்கு 1996இல் சிலை எழுந்தது. தேசத்துக்காக இறந்தவனைச் சிலையாக்க ஆளும் வகுப்பார் விரைவர். அவன் வர்க்கத்துக்காகவும் இறந்தான் என்பதை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு எண்பது ஆண்டுகள் சென்றன!

பஞ்சத்துக்கு யார் சிலை வைப்பர்?

அயர்லாந்தின் சரித்திரத்தில் 1916ஐக் காட்டிலும் ஆழமான வடு 1845இல் தொடங்கிய பஞ்சமாகும். உழுபவனுக்கு நிலம் சொந்தமில்லை. விளைந்த தானியம் குத்தகையாகப் போயிற்று. அவன் வயிற்றுக்கு எஞ்சியது உருளைக்கிழங்கு ஒன்றே. அக்கிழங்கை நோய் தாக்கியது. ஆறேழு ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். இன்னும் பத்து இலட்சம் பேர் கப்பலேறினர். 1841இல் 80 இலட்சத்துக்கு மேலிருந்த சனத்தொகை 1851இல் 65 இலட்சமாகச் சுருங்கிற்று. மக்கள் பட்டினியால் வாடிய அதே காலத்தில் துறைமுகங்களிலிருந்து உணவுப்பொருள் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. 1847இல் அரசு கஞ்சித்தொட்டிகளைத் திறந்தது. அவ்வாண்டு நடுப்பகுதியில் நாளொன்றுக்கு முப்பது இலட்சம் பேருக்கு உணவு கிடைத்தது. அதாவது, ஊட்ட வேண்டும் என்று அரசு நினைத்தபோது ஊட்ட முடிந்தது. எனினும் சில மாதங்களிலேயே அத்தொட்டிகள் மூடப்பட்டன.

இத்தகைய பேரழிவுக்கு அயர்லாந்து நெடுங்காலம் பெரிய நினைவுச் சின்னம் எதையும் எழுப்பவில்லை. வாளேந்தி இறந்தவனைப் பாடுவது எளிது. பசியால் வரப்போரத்தில் விழுந்து இறந்தவனை எப்படிப் பாடுவது? தப்பிப் பிழைத்தவர் நெஞ்சில் துயரத்தோடு நாணமும் கலந்திருந்தது. நூற்றைம்பதாம் ஆண்டு நினைவையொட்டி, 1997இல், டப்ளின் துறையோரத்தில் எலும்புந் தோலுமாய் மூட்டை முடிச்சோடு கப்பலை நோக்கி நடக்கும் மனித உருவங்களைச் சிற்பி றோவன் கிலெஸ்பி வெண்கலத்தில் நிறுத்தினார். அவை உயர்ந்த பீடத்தில் ஏற்றப்படவில்லை. வழிப்போக்கரோடு ஒரே தரையில் நிற்கின்றன. அவற்றுள் எந்த உருவமும் தலைவன் என்று சுட்டத்தக்கதன்று.

யாழ்ப்பாணமும் பஞ்சம் அறிந்த பூமியே. 1876-77ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோயும் பஞ்சமும் குடாநாட்டை வாட்டியபோது ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். நாவலரின் சமயத் தொண்டைப் போற்றும் மேடைகள் பல. அந்தத் தொட்டியின் முன் சிரட்டை ஏந்தி நின்றவர் யார், அவர்கள் ஏன் நிலமற்றவராய் இருந்தனர் என்று கேட்கும் மேடைகள் சில. நமது காலத்தில், 2009ஆம் ஆண்டின் இறுதி யுத்தத்தில் முள்ளிவாய்க்காற் கரையில் அடைபட்ட மக்கள் உப்பும் அரிசியும் கலந்த கஞ்சியால் உயிர் தரித்தனர். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் சந்திகளிலும் கோயில் வாசல்களிலும் அக்கஞ்சி காய்ச்சி வழங்கப்படுகின்றது. கல்லை இடிக்கலாம், கஞ்சியை எப்படி இடிப்பது? சின்னம் வைக்க நிலமில்லாத மக்கள் தம் வயிற்றையே நினைவிடமாக்கிக் கொண்டனர்.

யாழ்ப்பாணத்துக் கற்கள்

இனி நமது நகரத்துக்கு வருவோம். கடலோரத்தில் கிடக்கும் கோட்டை யாழ்ப்பாணத்தின் மிகப் பெரிய வரலாற்றுச் சின்னம். 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்திய போர்த்துக்கேயர் அதனைக் கட்டினர். 1658இல் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முற்றுகையின் பின் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றி ஐங்கோணமாக மாற்றிப் புதுக்கினர். வெளியரண் வேலை 1792இல் முற்றுப்பெற்றது. மூன்றே ஆண்டுகளில், 1795இல், ஆங்கிலேயர் அதனைத் தமதாக்கினர். உள்ளே 1706இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் அண்மைக்கால யுத்தத்தில் அழிந்தது. யுத்தத்தின் பின் ஒல்லாந்த அரசின் உதவியோடு மதில்கள் சீர்செய்யப்பட்டன.

கோட்டையைப் பற்றிய நூல்கள் அதன் கோணங்களையும் பீரங்கி மேடைகளையும் தேசாதிபதிகளின் பெயர்களையும் கூறும். முருகைக் கல்லை வெட்டியவன், சுமந்தவன், சுண்ணாம்பு நீற்றியவன் யார்? 'ஊழியம்' என்ற பெயரால் கூலியின்றி வேலை வாங்கப்பட்ட குடிமக்களின் உழைப்பு அக்காலத்து ஆட்சியைத் தாங்கிற்று. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்தில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள. அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1844இல். ஒல்லாந்தன் மேலிருந்து ஆண்டான். அடிமையை வைத்துத் தோட்டம் செய்தவன் நம்மூர் உடையவனே. அந்நியன் கட்டிய கோட்டை என்று சொல்லி நாம் கைகழுவிவிட முடியாது.

கோட்டைக்கு அண்மையில் மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கிறது. 1875இல் இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசர் அல்பேர்ட் எட்வேர்ட்டின் வருகையை நினைவுகூரக் கட்டப்பட்டது. அதே காலப்பகுதியிற்றான் மேலே கூறிய பஞ்சம் வந்தது என்பதை எண்ணிப் பார்க்குக! இளவரசருக்குக் கோபுரம், பசித்தவனுக்குத் தருமக் கஞ்சி. நெல்சன் தூணைப்போல் இக்கோபுரத்தை எவரும் தகர்க்கவில்லை. யுத்தம் அதனைச் சிதைத்தது; பின்னர் அது திருத்தப்பட்டது. இன்று அது எவரையும் நினைவூட்டுவதில்லை, நேரத்தைக் காட்டுகிறது. ஏகாதிபத்தியச் சின்னத்துக்கு இதனினும் நல்ல முடிவு வேண்டுமோ?

நல்லூரில் வாளுயர்த்திக் குதிரைமேல் அமர்ந்திருப்பவன் சங்கிலியன். 2011இல் அச்சிலை புதுப்பிக்கப்பட்டபோது பலத்த விவாதம் எழுந்தது. யாழ்ப்பாணத்தின் கடைசி அரசனாகிய சங்கிலி குமாரன் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டுக் கோவாவில் கொல்லப்பட்டவன். அந்நியனுக்குத் தலைவணங்காமையின் அடையாளமாக மக்கள் அவனைக் கொள்வது இயல்பே. ஆயினும், 1617இல் அரச குடும்பத்தாரின் குருதியில் நடந்தே அவன் ஆட்சியைக் கைப்பற்றினான் என்பதும், தன்னை எதிர்த்தெழுந்தோரை அடக்கத் தஞ்சை நாயக்கனின் படையை நாடினான் என்பதும் வரலாறே. சிலை இவற்றைச் சொல்லாது. ஆசிரியன் சொல்ல வேண்டும்.

எரிந்த ஏடுகள்

இரு நாட்டுச் சரித்திரமும் மிக நெருங்கி வருமிடம் தீயின் நடுவிலேயே.

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1933இல் க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு முயற்சியில் முளைத்தது. பின்னர் மக்கள் பணத்தாலும், களியாட்டு விழாக்கள், அதிர்ஷ்டச் சீட்டு ஆகியவற்றால் திரட்டிய நிதியாலும் வளர்ந்தது. சென்னைச் சிற்பி நரசிம்மன் வரைந்த திராவிடப் பாணிக் கட்டடம் 1959இல் திறந்துவைக்கப்பட்டது. நூலகவியலறிஞர் இரங்கநாதன் ஆலோசனை நல்கினார். இம்முயற்சிக்குத் தோள்கொடுத்தவருள் முதன்மையானவர் சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக விளங்கிய லோங் அடிகளார். அவர் ஐரிஷ்காரர், தம் நாடு ஆங்கில ஆட்சியின் கீழிருந்த காலத்தில் பிறந்தவர். நூலக வளவில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. அந்நிய நாட்டவர் பலரின் சின்னங்கள் இம்மண்ணில் உண்டு. ஆயினும், நமக்குக் கோட்டை கட்டியவனையும் நமக்கு நூலகம் கட்ட உழைத்தவனையும் ஒரே நிறையில் வைக்கலாகாது.

1981இல் ஓரிரவு அந்நூலகம் எரிக்கப்பட்டது. அரச காவற்படையினரும் அவர்களோடு கொண்டுவரப்பட்ட காடையரும் இட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் கிட்டாத ஏடுகளும் சாம்பராயின. சம்பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தச் சுவாலையைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் அதிர்ச்சியால் உயிர்நீத்தார்.

இதற்கு ஐம்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், 1922 யூன் 30ஆம் நாள், டப்ளினில் நீதிமன்றக் கட்டடத் தொகுதியிலிருந்த அரச ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. நூற்றாண்டுக் கணக்கான குடிசன மதிப்புப் பதிவுகளும் நிலப் பத்திரங்களும் உயில்களும் அழிந்தன. அங்கே தீயிட்டவன் அந்நியனல்லன். ஆங்கிலேயரோடு செய்த உடன்படிக்கையை ஏற்றவர், மறுத்தவர் என இரண்டாகப் பிளந்த ஐரிஷ் சகோதரர்களின் யுத்தமே அதனை எரித்தது. நூறாண்டு கழித்து, 2022இல், உலகெங்குமுள்ள காப்பகங்களிலிருந்து பிரதிகளைத் திரட்டி, அழிந்த ஆவணக்கூடத்தை மின்வடிவில் மீட்டெடுத்து மக்கள் முன் வைத்தனர். நம்மவரும் வாளாவிருக்கவில்லை. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கும் 'நூலகம்' என்னும் முயற்சி 2005இல் தோன்றி வளர்ந்தது. அரசு எரித்ததை மக்கள் எழுத்தெழுத்தாகப் பொறுக்குகின்றனர்.

எரிந்த கட்டடத்தைப் பின்னர்ப் பழைய வடிவிலேயே புதுக்கினர். தீயின் கறை படிந்த பகுதியை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்ற கருத்தும் நிலவியது. வெள்ளை பூசிய சுவர் அழகாகவே இருக்கிறது. ஆனால் எரித்தவனுக்கு வெள்ளை பூசலைவிட வசதியானது வேறென்ன?

நமது மௌனங்கள்

கில்மெய்னம் சிறை 1924இல் மூடப்பட்டுப் பாழடைந்து கிடந்தது. 1960இல் தொண்டர்கள் பலர் கூலி வாங்காது அதனைத் துப்புரவாக்கிக் கட்டியெழுப்பத் தொடங்கினர். 1966இல் அது மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. போற்றத்தக்க பணி. ஆயினும் அவர்கள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர்: 1921க்குப் பிற்பட்ட எதையும் அங்கே பேசுவதில்லை. ஏனெனில் 1922இல் அதே சிறையில் ஐரிஷ்காரரை ஐரிஷ்காரரே சுட்டனர். ஆங்கிலேயன் சுட்ட இடத்தைக் காட்டுவது பெருமை. நாமே சுட்ட இடத்தைக் காட்டுவது வெட்கம். அந்த வெட்கத்தைக் கடந்து உள்நாட்டு யுத்தத்தையும் பொதுநினைவிற் சேர்க்க அந்நாடு பல பத்தாண்டுகள் எடுத்தது. 2016இல் டப்ளின் கிளாஸ்நெவின் மயானத்தில், கிளர்ச்சியில் இறந்த கிளர்ச்சிக்காரர், ஆங்கிலச் சிப்பாய்கள், பொதுமக்கள் அனைவரின் பெயரையும் ஒரே சுவரிற் பொறித்தபோது அது மீண்டும் மீண்டும் சேதமாக்கப்பட்டது. ஈற்றில் அம்முயற்சியே கைவிடப்பட்டது. நினைவைப் பகிர்தல் இலகுவன்று.

நமக்கும் ஒரு 1922 இல்லையா? சம ஆசனம், சம போசனம் என்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் வாங்கில் இடம் கொடுக்கப்பட்டபோது, அதனைப் பொறாத சாதிமான்கள் சில பள்ளிகளுக்குத் தீ வைத்தனர். நூலகம் எரிவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், பிள்ளைகள் படிக்கும் கூடங்களை எரித்த கை நம்முடைய கை. அதற்குச் சின்னம் எங்கே? 1931இல் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பூரண சுயராச்சியம் வேண்டி அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. நான்கு தொகுதிகள் வெறுமையாயின. பகிஷ்காரம் என்ற ஆயுதத்துக்கு 1880இல் பெயர் கொடுத்ததே அயர்லாந்தின் குத்தகை விவசாயிகள் பொய்க்கொட் என்னும் பண்ணை முகவனுக்கு எதிராக நடத்திய போராட்டம். அந்த இளைஞர்கள் சாதிக்கும் எதிராக நின்றனர் என்பதை நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் பொலிசாரின் தடியடியைத் தாண்டி நடந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்நுழையும் உரிமைக்காக மக்கள் அமர்ந்தனர். தேநீர்க்கடையில் சமமான குவளைக்காகவும் உயிர் கொடுக்கப்பட்டது. அவர்களின் கதையைக் கல்லில் எழுதவில்லை. டானியலின் நாவல்களிலும், சவரக்கடையில் தொழில் செய்துகொண்டே டொமினிக் ஜீவா நடத்திய 'மல்லிகை'யின் பக்கங்களிலுமே தேட வேண்டியிருக்கிறது.

இன்னுமொன்று. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் சில மணிநேர அவகாசத்தில் வீடுவாசலை விட்டு வெளியேற்றப்பட்டனர். நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் அவர்கள். நம் துயரத்துக்குச் சின்னம் கேட்கும் வாய், நாம் விளைத்த துயரத்துக்கும் ஒரு கல் கேட்க வேண்டும். இல்லையேல் நமது நீதி பாதி நீதியே.

இடிக்கப்பட்டதும் எழுந்ததும்

இவ்வாறு கூறுவதால் ஒடுக்குமுறையைச் சிறுமைப்படுத்துகிறோம் என்று எவரும் கருத வேண்டா. யுத்தத்தின் பின் கோப்பாயில் மாவீரர் துயிலுமில்லம் தரைமட்டமாக்கப்பட்டு அவ்விடத்தில் படைமுகாம் எழுந்தது. பிள்ளையைப் புதைத்த இடத்தில் தாய் விளக்கேற்றக்கூடாது என்பது எந்த நாட்டு நாகரிகம்? 2021 சனவரி 8ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளவிலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடித்துத் தள்ளப்பட்டது. மாணவர் வாயிலிற் கூடினர்; உண்ணாவிரதம் இருந்தனர். மூன்றே நாளில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏப்ரல் மாதத்தில் புதிய தூபி எழுந்தது. இருளில் இடித்ததைப் பகலில் கட்ட வைத்த வலிமை மாணவர் ஒற்றுமையின் வலிமை.

அந்த வலிமை தூபியோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரின் எழுதாத சரித்திரத்தை எழுதத் தொடங்கலாம். கோயில் வீதியில் தடுக்கப்பட்டவர், சம ஆசனத்தில் முதன்முதல் இருந்த பிள்ளை, ஊரை விட்டுத் துரத்தப்பட்ட அயலவர், ஷெல்லில் இறந்த கூலிக்காரி, தோட்டம் கொத்தியே முதுகு கூனிய கிழவர் ஆகியோர் பெயர்களையும் நாட்களையும் மூத்தோரிடம் கேட்டு மாணவர் பதிவுசெய்யட்டும். சாட்சி சொல்லக்கூடிய தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. இதற்கு அரசின் அனுமதி வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். பியர்ஸ் என்ற ஆசிரியன் ஒரு பிரகடனத்தை வாசித்தான். நாம் அத்துணை பெரிய காரியம் எதையும் செய்ய வேண்டா; வகுப்பறையில் முழு உண்மையை வாசிப்போம். உழைத்தவனுடைய பெயரும், ஒடுக்கப்பட்டவனுடைய பெயரும், நம்மால் ஒடுக்கப்பட்டவனுடைய பெயரும் அந்த வாசிப்பில் இடம்பெறட்டும். அப்போதுதான் நாளை நம் நாற்சந்திகளில் எழும் கற்கள் பொய் சொல்லாதிருக்கும்.